நடுவுல நாம யாரு

பச்சைச் சேலை கட்டின பொம்பள எறங்கிட்டாளா, கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்லுங்க. பஸ்ஸோட முன்படியிலதான் எறங்குவா. கையில ஒயர்க்கூடை வச்சிருப்பா. எறங்கிட்டாளா? சரி. இனி முந்தானையை எடுத்துரலாம். வெயிலுக்கு மூடிக்கிட்டேன்னு நெனச்சீங்களா? நெனச்சிருக்க மாட்டீங்க. நீங்க பாத்த பார்வையிலயே தெரிஞ்சுச்சு.

அவ பேரு ஜெயக்கொடி. எங்க தெருவுலதான் இருந்தா. பங்குனியில வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. இப்ப இந்தப் பக்கம் ஏதோ கயிறு ஃபேக்டரியில தேங்கா மட்டை அள்ளுறதாக் கேள்வி. எங்க தெருப் பால்வாடியில பதினோரு வருஷம் ஆயாவா இருந்தவ. நீங்ககூட அவளைப் பாத்திருப்பீங்க. போன கார்த்திகையில போன்ல எல்லாம் ஓடுச்சே, ஒரு பொம்பள சின்னப் பிள்ளையைக் கன்னத்துல ரெண்டு அறை அறையுற வீடியோ. அவதான். நாலு லட்சம் பேரு பாத்தாங்கன்னு என் மகன் சொன்னான். நீங்க பாக்காமயா இருந்திருப்பீங்க.

அதை எடுத்தது நான்தான்.

வெளியில சொல்லிக்கிறதில்ல. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, தேனி வந்தா நீங்க ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். ஆனா அதைச் சொல்லணும்னா மொதல்ல என் மகன் விஷயத்தைச் சொல்லணும். ரெண்டுக்கும் சம்பந்தம் ஒண்ணும் இல்ல. எங்க ஊர்ல சில பேரு ரெண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசுறாங்க, அதுக்காகச் சொல்றேன்.

மூணு வருஷம் ஆச்சு. தீபன் அப்ப காலேஜ்ல கடைசி வருஷம். கூடப் படிக்கிற ஒருத்தனுக்குப் பிறந்தநாள்னு எல்லாரும் டேம் பக்கம் போயிருக்காங்க. ரெண்டு பீர் குடிச்சிருக்கான். குடிக்கிற பிள்ளை இல்ல. அன்னைக்குக் குடிச்சிட்டான். மத்தியானம் பைபாஸ்ல வரும்போது, சாப்பாட்டுக்கு சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்த ஒருத்தரை இடிச்சிட்டான். அது வேற யாரும் இல்ல, ஜெயக்கொடி புருஷன் பால்சாமி. வாழைக்கா மண்டியில தார் ஏத்தி இறக்குற லோடுமேன். நல்ல உழைப்பாளி, அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

இவன் நிறுத்தாம வந்துட்டான். பயம். இருபத்தோரு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும். வீட்டுக்கு வந்து பின்பக்கம் குழாயடியில வண்டியைக் கழுவிக்கிட்டு இருந்தான். என்னடா இந்த வேகாத வெயில்லன்னு கேட்டேன். ஒண்ணுமில்லம்மான்னான். நானும் மோர் கரைச்சுக் குடுத்தேன். நாலு மணிக்குப் போலீஸ் வந்து நிக்கிது. ரோட்டோரம் இளநி விக்கிற பொம்பள வண்டி நம்பரைப் பாத்து வச்சிருக்கா.

எங்க தெருவை நான் கொறை சொல்ல மாட்டேன். அன்னைக்கு எங்க வீட்டுல அம்புட்டுப் பேரும் வந்து நின்னாங்க. தெருச் சங்கத் தலைவர் சௌந்தரராஜன் வாத்தியார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரு, ஒரு காசு கைநீட்டாத மனுஷன், அவரு சொன்னாரு, சின்ன வயசு, ஒரு கேஸ் விழுந்துச்சுன்னா வேலை, பாஸ்போர்ட், கல்யாணம் எல்லாம் போயிரும், பையன் வாழ்க்கையை நாம காப்பாத்தணும்னாரு. யாரும் அவனை ஒரு வார்த்தை திட்டல. எல்லாரும் தலையைத் தடவிக் குடுத்தாங்க. அவன் அழுதுக்கிட்டே இருந்தான்.

மறுநாள் எட்டுப் பேரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பால்சாமிக்கு முட்டிக்குக் கீழ எலும்பு நொறுங்கி, கம்பி வைக்கணும்னு படுக்கப் போட்டிருந்தாங்க. ஜெயக்கொடி வராந்தாவுல தரையில உக்காந்திருந்தா. நான் நேராப் போய் அவ கால்ல விழுந்துட்டேன். நான் அவளைவிடப் பத்து வயசு மூத்தவ. மகனுக்காக விழுந்தேன். அவ பதறி எந்திரிச்சு என் கையப் பிடிச்சா.

அப்ப நான் சொன்னேன், "ஜெயக்கொடி, ஒரு நிமிஷத்துல நடந்ததை வச்சு ஒரு ஆளோட மொத்த வாழ்க்கையையும் எடை போட்டுறாத. அவன் எப்பேர்ப்பட்ட பிள்ளைன்னு உனக்குத் தெரியும். நீ பால் குடுத்துப் பாத்துக்கிட்ட பால்வாடிப் பிள்ளைங்க மாதிரிதான அவனும்."

நல்லா ஞாபகம் இருக்கு. ஏன்னா நான் அம்புட்டுக் கோர்வையா எப்பவும் பேசுனதில்ல.

அவ என் கையை விட்டா. அப்புறம் உள்ள போய்ப் புருஷன்கிட்டப் பேசிட்டு வந்தா. பால்சாமி, சைக்கிள்ல இருந்து தானா விழுந்துட்டேன், யாரும் இடிக்கலன்னு எழுதிக் குடுத்துட்டாரு. இளநிக்காரிகிட்ட வாத்தியாரே போய்ப் பேசினாரு. முடிஞ்சு போச்சு. செலவு எதுவும் நாங்க பாத்துக்குறோம்னோம், அதெல்லாம் வேணாம்க்கா, தம்பி ஒழுங்காப் படிக்கட்டும்னுட்டா. அவளுக்கு அந்த வீம்பு எப்பவும் உண்டு.

திரும்பி வரும்போது வேன்ல யாரோ மெதுவாக் கேட்டாங்க, இருந்தாலும் அடிச்சுப் போட்டுட்டு நிக்காம வந்தது தப்புத்தானன்னு. வாத்தியாரு ஒரே வார்த்தையில அடக்கிட்டாரு. "அடிபட்டவங்களே மன்னிச்சிட்டாங்க. நடுவுல நாம யாரு?" அதுக்கு மேல பேச என்ன இருக்கு? நியாயமான பேச்சு.

பத்து நாள் நான்தான் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு போனேன். அப்புறம் எங்க மாமியாருக்கு முடியாமப் போச்சு, நின்னு போச்சு. பால்சாமிக்கு அந்தக் கால் மடங்காமலே போச்சு. தார் தூக்க முடியாதுல்ல, மண்டியில எடுக்கல. வீட்டோட இருந்தாரு. ஜெயக்கொடி சம்பளம்தான். காலையில வெள்ளன எந்திரிச்சு ரெண்டு வீட்டுல பாத்திரம் தேச்சுட்டுப் பால்வாடிக்கு வருவா. தீபன் படிப்பை முடிச்சுப் பெங்களூருல வேலைக்குச் சேந்துட்டான்.

இதுல எனக்கு என்ன கஷ்டம்னா, அவங்க வீடு எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. பால்வாடி எங்க வீட்டுக்கு நேர் எதிர்த்தாப்புல. பால்சாமி டீ குடிக்கப் போகணும்னா எங்க வாசலைத் தாண்டித்தான் போகணும். ஒரு காலை ஊனுவாரு, ஒரு காலை இழுப்பாரு. அந்தச் சத்தம் உள்ள அடுப்படி வரைக்கும் கேக்கும். இவ என்னன்னா என்னைப் பாக்குற நேரமெல்லாம் சிரிப்பா. சாப்ட்டீங்களாக்கா, தம்பி போன் பண்ணுச்சான்னு கேப்பா. ஒரு நாளாவது ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். பேசவே மாட்டா. ரெண்டரை வருஷம். நீங்க அந்த மாதிரி ஒருத்திக்கு எதிர்த்த வாசல்ல குடியிருந்து பாருங்க, தெரியும்.

சரி, அந்த நாளைச் சொல்றேன்.

கார்த்திகை மாசம். பால்வாடி டீச்சருக்கு வேற ஊருலயும் சேத்து வேலை போட்டிருந்தாங்க, அதனால பாதி நாள் ஜெயக்கொடி மட்டும்தான். இருபத்தாறு பிள்ளைங்க. அவளே சமைக்கணும், அவளே ஊட்டணும், கழுவி விடணும். அந்த வாரம் பால்சாமிக்குக் காலுல கம்பி வச்ச எடத்துல சீழ் பிடிச்சுக் காய்ச்சல். அவ முகமே வெளிறிக் கெடந்துச்சு. நான் மாடியில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். மேல இருந்து பாத்தா பால்வாடி ஜன்னல் வழியா எல்லாம் தெரியும். லிங்கேஸ்னு ஒரு பையன், நாலு வயசு, வாயில வச்ச சோத்தைப் பக்கத்துப் பிள்ளை மேல துப்பிக்கிட்டே இருக்கான். இவ சொல்லிப் பாக்குறா. திரும்பத் துப்புறான். தட்டைத் தட்டி விடுறான். நான் போனை எடுத்தேன். ஏன் எடுத்தேன்னு கேக்காதீங்க, கையில இருந்துச்சு, எடுத்தேன். அப்பதான் அறைஞ்சா. ரெண்டு அறை. பையன் சுருண்டு விழுந்துட்டான்.

பதறிப் போச்சு எனக்கு. பொய் சொல்லல, பதறித்தான் போச்சு. ஆனா இன்னொண்ணும் சொல்லணும். எறங்கி வரும்போது உடம்புல இருந்து என்னமோ எறங்கின மாதிரி லேசா இருந்துச்சு. ரொம்ப நாளைக்கப்புறம் அன்னைக்குத்தான் மத்தியானம் நல்லாத் தூங்கினேன்.

வீடியோ கொஞ்சம் நீளம். அறைஞ்சதுக்கப்புறம் அவளே அவனைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, கன்னத்தைத் தடவித் தடவி, தானும் அழுதுக்கிட்டு உக்காந்திருந்தா. அது ஒரு நாலு நிமிஷம் இருக்கும். அம்புட்டும் அனுப்பினா யாரு பாக்குறது. மொத இருபது செகண்டை மட்டும் வெட்டி எங்க தெரு வாட்ஸப் குரூப்புல போட்டேன். என் நம்பர்ல இருந்து இல்ல, எங்க நாத்தனா மக நம்பர்ல இருந்து. மிச்சத்தை அப்புறம் அழிச்சிட்டேன். போன்ல எடம் இல்ல.

தீபனுக்கும் அனுப்பினேன். அவன்தான் அதைப் பெருசாக்கினது. ஃபேஸ்புக்குல போட்டு, மேல எழுதியிருந்தான், இந்த மாதிரி ஆளுங்களுக்கு மன்னிப்பே கெடையாதுன்னு. சின்ன வயசுல இருந்தே அவனுக்கு அநியாயத்தைக் கண்டாத் தாங்காது. அது ஜெயக்கொடின்னு அவனுக்குத் தெரியுமான்னு கேக்குறீங்களா? முகம் நல்லாத்தான் தெரிஞ்சுச்சு. தெரியாம இருக்குமா. நான் கேட்டுக்கல. அவனும் சொல்லல.

அப்புறம் நடந்ததெல்லாம் என் கையில இல்ல. மறுநாளே மைக்கைத் தூக்கிக்கிட்டு ரெண்டு யூடியூப்காரங்க வந்துட்டாங்க. எங்கெங்கயோ இருந்து வந்து பால்வாடி முன்னாடி உக்காந்து கோஷம் போட்டாங்க. எங்க தெருப் பொம்பளைங்களும் உக்காந்தோம். நானும் உக்காந்தேன், உக்காராட்டி வேற மாதிரி நெனப்பாங்க. எவனோ அவ வீட்டுக் கதவுல சாணியைக் கரைச்சு ஊத்திட்டுப் போயிட்டான். அவ மக பத்தாவது படிச்சா, பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க அவளைப் பாத்தவுடனே கன்னத்தைப் பொத்திக்கிட்டு ஓடுற மாதிரி விளையாடியிருக்காங்க. அந்தப் பிள்ளை நின்னுருச்சு.

இதுல என்ன ஆச்சுன்னா, அந்த லிங்கேஸோட அம்மா சசிரேகா இருக்காளே, மில்லுல வேலை பாக்குறவ, அவளே சங்கத்துக்கு வந்துட்டா. எம்பிள்ளையை அடிச்சதுக்கு எனக்குக் கோவம்தான், அன்னைக்கே போய்ச் சண்டையும் போட்டேன், ஆனா அவங்க எங்கிட்டயும் அவன்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டாங்க, ரெண்டு வருஷமா எம்பிள்ளை அவங்க கையிலதான் வளருறான், வேலையை விட்டுத் தூக்க வேணாம், இதோட விட்டுருங்கன்னு சொல்லிட்டா.

வாத்தியாரு எந்திரிச்சாரு. "நீ மன்னிக்கலாம்மா, அது உன் பெருந்தன்மை. ஆனா இது உன் பிள்ளை விஷயம் மட்டும் இல்ல. சமூகம்னு ஒண்ணு இருக்குல்ல?"

எல்லாரும் கை தட்டினாங்க. சரியாத்தான் பேசினாரு. சசிரேகாவுக்கு விவரம் பத்தாது. ஒருத்தி மன்னிச்சுட்டான்னு ஊரே மன்னிச்சிர முடியுமா? நீங்களே சொல்லுங்க.

என்னங்க, ஏன் அப்படிப் பாக்குறீங்க? வேன்ல அவரு சொன்னதை நெனச்சா? அது வேறங்க. அது ஆக்ஸிடெண்டு. ரோட்டுல போனா நடக்குறதுதான். இது குழந்தை விஷயம். அதுவும் இதுவும் ஒண்ணா?

விசாரணைக்கு ஆபீஸர் வர்றதுக்கு மொத நாள் சாயங்காலம் ஜெயக்கொடி எங்க வீட்டுக்கு வந்தா. உள்ள வரல, வாசல்லயே நின்னா. வீடியோவை யாரு எடுத்ததுன்னு அவளுக்குத் தெரியும்னுதான் நெனைக்கிறேன். அந்த உயரத்துல இருந்து எடுக்குறதுக்கு எங்க மாடியைத் தவிர வேற எது இருக்கு. ஆனா அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.

"அடிச்சது தப்புதான்க்கா. அதை நான் ஆபீஸர்கிட்டயும் சொல்லிருவேன். அன்னைக்கு ஆஸ்பத்திரியில தம்பிக்காக நீங்க எங்கிட்ட என்ன சொன்னீங்களோ, அதை மட்டும் எனக்காக அவங்ககிட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னா தெருவுல கேப்பாங்க."

நான் என்ன சொன்னேன் அன்னைக்கு, எனக்கு ஞாபகமே இல்லையேன்னுட்டேன்.

அவ திரும்பிப் போகல. அப்புறம், ஒரு நிமிஷத்துல நடந்ததை வச்சு எடை போடாதன்னு சொன்னீங்கக்கான்னு, பிள்ளைக்குப் பாடம் எடுத்துக் குடுக்குற மாதிரி மெதுவா எடுத்துக் குடுத்தா. அழல. சரி பாக்குறேன்னு சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

நான் சொல்லியிருக்கலாம்தான். இப்ப உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. ஆனா யோசிச்சுப் பாருங்க. நான் அவளுக்காகப் பேசினேன்னா, உடனே எவனாவது எந்திரிச்சு, இவ ஏன் அவளுக்குப் பரிஞ்சு பேசுறா, முன்னாடி என்ன நடந்துச்சுன்னு பழசைக் கிளறுவான். யூடியூப்காரன் வாசல்ல நிக்கிறான். நாலு லட்சம் பேரு பாத்துக்கிட்டு இருக்கான். தீபன் பேரு அதுல வந்துச்சுன்னா என்ன ஆகும்? என் பிள்ளையை நான் பாக்கணுமா வேணாமா?

ஆபீஸர் ஒரு சின்ன வயசுப் பொண்ணு. நல்லவிதமாத்தான் கேட்டாங்க. எதிர்த்த வீடு நீங்க, பதினோரு வருஷமாப் பாக்குறீங்க, சாதாரணமா இந்தம்மா பிள்ளைங்ககிட்ட எப்படின்னு கேட்டாங்க. ஜெயக்கொடி அங்கயேதான் நின்னா, நல்லதா ஒரே ஒரு சேலை இருக்கும்ல, அதைக் கட்டிக்கிட்டு. பதினோரு வருஷத்துல அவ ஒரு பிள்ளையைக் கிள்ளிக்கூட நான் பாத்ததில்ல. தீபனோட சித்தி பிள்ளைக்கு வலிப்பு வந்தப்ப, இவதான் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினா. அதெல்லாம் நெஞ்சு வரைக்கும் வந்துச்சு.

அப்பப்ப சத்தம் கேக்கும் மேடம், நான் ரொம்ப வெளிய வர்றதில்லன்னு சொன்னேன்.

அவங்க எழுதிக்கிட்டாங்க. ஜெயக்கொடி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. எனக்காக வெக்கப்பட்ட மாதிரி அவ குனிஞ்சா. அது எனக்குப் பிடிக்கல.

மூணு வாரத்துல வேலை போயிருச்சு. தெருவுல வெடி போட்டாங்க. வாத்தியாரு லட்டு வாங்கிப் பால்வாடிப் பிள்ளைங்களுக்குக் குடுத்தாரு. லிங்கேஸ் மட்டும் ஆயாம்மா எங்கன்னு கேட்டு அழுதுக்கிட்டே இருந்தான், புது ஆயா கையால சாப்பிட மாட்டேன்னுட்டான், சசிரேகா அவனை நிப்பாட்டிக் கூட்டிட்டுப் போயிட்டா. அந்தப் புது ஆயா ரொம்ப நல்ல மாதிரின்னு சொல்ல முடியாது. கையில ஸ்கேல் வச்சிருக்கா. ஆனா இப்ப யாரும் அதெல்லாம் கண்டுக்கிறதில்ல. எத்தனை தடவைதான் போராட்டம் பண்றது.

ஜெயக்கொடி குடியிருந்த வீட்டோட சொந்தக்காரரு திருப்பூர்ல இருக்காரு. எனக்குப் போன் பண்ணி, என்னம்மா பேரு கெட்டுப் போச்சே, காலி பண்ணச் சொல்லிரட்டுமான்னு கேட்டாரு. உங்க வீடு, உங்க இஷ்டம்னேன். வேற என்ன சொல்றது.

அதுக்கு நடுவுல தை மாசம் தீபனுக்கு ஒரு எடம் வந்துச்சு. கம்பம் பக்கம் நல்ல குடும்பம். பொண்ணும் பெங்களூருலயே வேலை. எல்லாம் பேசி முடிச்சாச்சு. ஆனா பொண்ணோட தாய்மாமன் ஒருத்தரு, எமகாதகன், பையன் எப்பவோ ஒருத்தனை இடிச்சுப் போட்டுட்டுப் போனான்னு எங்கயோ கேள்விப்பட்டுட்டு, யாருக்கும் சொல்லாம எங்க தெருவுக்கு வந்து நேரா பால்சாமி வீட்டுக்கே போயிட்டாரு. எனக்கு யாரோ வந்து சொன்னாங்க. அடுப்புல பால் வச்சிருந்தேன், பொங்கி அடுப்பே அணைஞ்சிருச்சு, அப்படியே உக்காந்திருக்கேன். அவங்களுக்கு வேலை போயிருச்சு, பிள்ளை படிப்பு போயிருச்சு, வீட்டைக் காலி பண்ணணும். ஒரு வார்த்தை போதும். நானா இருந்தா சொல்லியிருப்பேன்.

அரை மணி நேரம் கழிச்சு அந்தத் தாய்மாமன் சிரிச்ச முகமா எங்க வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சாரு. அந்த நொண்டியாரையே கேட்டுட்டேன்ம்மா, நான் தானா விழுந்தேன், அந்தத் தம்பி தங்கமான பிள்ளைன்னு சொல்லிட்டாரு, அவரு சம்சாரமும் அதையே சொன்னாங்கன்னாரு.

நான் சந்தோஷப்பட்டிருக்கணும். ஆனா எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. இன்னும் எதுக்கு இந்த நல்லவங்க வேஷம்? எதுக்கு எங்களைக் கடன்காரங்களாவே வச்சிருக்கணும்? அன்னைக்கு ராத்திரி தீபன்கிட்டப் போன்ல இதைச் சொன்னேன். அவன், அம்மா அந்தப் பேச்சை இனி எடுக்காதன்னு வச்சிட்டான். அந்தப் போஸ்டை எடுத்துருடான்னு ஒரு தடவை சொல்லிப் பாத்தேன். நான் எடுத்து என்ன ஆகப் போகுது, ஆயிரம் பேருகிட்ட இருக்குன்னான். அதுவும் சரிதான். இன்னமும் யாராவது புதுசாப் பாத்துட்டு அவளைத் திட்டி எழுதிக்கிட்டுத்தான் இருக்காங்க. நேத்துக்கூட வந்துச்சு.

வைகாசியில கல்யாணம். பத்திரிகை வைக்கத்தான் போய்க்கிட்டு இருக்கேன், பையில இருக்கு பாருங்க. எங்க தெருவுல ஒரு வீடு விடல. வாத்தியாருதான் முன்ன நின்னு நடத்தறாரு. சசிரேகாவுக்குக்கூட வச்சிட்டேன். ஜெயக்கொடி வீட்டுக்கு மட்டும் வைக்கல. எங்க வீட்டுக்காரரு, போனதெல்லாம் போகட்டும், ஒரு பத்திரிகை குடுத்துட்டு வா, வந்தா வர்றாங்க வராட்டிப் போறாங்கன்னு சொன்னாரு.

அவருக்கு அவங்களைத் தெரியாது. வருவாங்க. பால்சாமி காலை இழுத்துக்கிட்டே மேடையேறி என் பிள்ளைக்குத் திருநீறு பூசி விடுவாரு. அவ என் கையப் பிடிச்சுக்கிட்டு, தம்பி நல்லா இருக்கட்டும்க்கான்னு சொல்லுவா.

மனசாரச் சொல்லுவா. அதான் வைக்கல.